முன்னால் போகிறவள்

முள் எடுப்பதில் எனக்கு இணையாக எங்கள் குவார்ட்டர்ஸில் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, வேண்டுமானால் யாரையும் கேட்டுப் பாருங்கள். ஆவடியில் எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடுகள். அத்தனை வீட்டு ஆம்பளைகளும் ஒரே தொழிற்சாலையில் வேலை. யார் காலில் வேலிக்காத்தான் முள் ஏறினாலும் நொண்டிக்கொண்டு என் வாசலுக்குத்தான் வருவார்கள். என் வளையலில் எப்போதும் இரண்டு ஊக்கு தொங்கும். காலைத் தூக்கி மடியில் வைத்து, முள் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாகவே நெம்பினால் முழுசாக வந்துவிடும். எதிர்ப்பக்கம் நெம்பினால் உள்ளேயே ஒடிந்துபோகும். இது தெரியாமல் தோண்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தத் தலைக்கனம்தான் ஒரு நாள் ஓர் உயிரோடு விளையாடிவிட்டது.

பக்கத்து வீட்டு அக்காவின் உயிர். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். நான் இந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் அவள் அந்தப் பக்கம் தும்முவாள். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவள் பூந்தமல்லிக்காரி. அவளுடைய வாப்பாவுக்கு அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரப் பெட்டி செய்கிற பட்டறை. என்னைவிட இரண்டு வயது மூத்தவள், பதினைந்து கிலோ கூடுதல். என்னை ‘மே’ போட்டுத்தான் கூப்பிடுவாள். வந்த புதிதில், “அக்கா, என்னை ஆடு மாதிரி மே மேன்னு கூப்பிடாதீய” என்று சண்டை போட்டிருக்கிறேன். “அய்ய, இன்னாமே நீ, பாசமா கூப்ட்டா இப்டி கோச்சிக்கிற?” என்று அதிலும் ஒரு ‘மே’ போட்டாள். அதோடு விட்டுவிட்டேன்.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், கோவில்பதாகைப் பக்கமாக ஒரு காடு இருந்தது. காடு என்றால் யானை, புலி என்று நினைத்துவிடாதீர்கள். வரிசை வரிசையாகத் தைல மரம், இடையில் வேலிக்காத்தான் புதர், அங்கங்கே பனை, ஒரு பெரிய நாவல் மரம். சுற்றுச்சுவரில் ஓரிடத்தில் செங்கல் விழுந்து ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து. காலையில் சங்கு ஊதி ஆம்பளைகள் உள்ளே போனதும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சந்து வழியாகக் காட்டுக்குள் போவோம். வெந்நீர் அடுப்புக்குச் சுள்ளி, காய்ந்த தைல இலை, மழைக்குப் பிறகு முசுமுசுக்கை, தூதுவளை, ஆனி ஆடியில் நாவல் பழம். இருபது வருஷத்துக்கு மேல் போனோம். பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும், வீட்டில் ஹீட்டர் வந்த பிறகும் போனோம். “கேஸும் கரண்ட்டும் இருக்கையில் எதுக்குடி சுள்ளி?” என்று என் வீட்டுக்காரர் கேட்பார். சுள்ளிக்காகவா போனோம்? பேசத்தான் போனோம். வீட்டுக்குள் சுவருக்கும் காது உண்டு, அங்கே மரத்துக்கு இல்லை.

போகிற பாதை ஒற்றையடிப் பாதை. ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால்தான் நடக்க முடியும். முன்னால் போகிறவள் கையில் ஒரு மூங்கில் குச்சி. அவள் வேலை காலை ஓங்கி ஓங்கி வைத்து நடப்பது, சருகைத் தட்டிப் பார்ப்பது, கண்ணைத் தரையில் வைத்திருப்பது. பாம்புக்குத் தரை அதிர்ந்தால் போதும், அது பாட்டுக்கு விலகிவிடும். பின்னால் வருகிறவள் வேலை வாயை மூடாமல் பேசுவது. யார் முன்னால் போவது என்று தினமும் தகராறு வந்ததால் நாங்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். ஒற்றைப்படைத் தேதியில் நான், இரட்டைப்படைத் தேதியில் அவள். முப்பத்தொன்றாம் தேதி வந்தால் அடுத்த நாள் ஒன்றாம் தேதி, அடுத்தடுத்து இரண்டு நாளும் என் தலையிலேயே விழுகிறதே என்று நான் ஒரு மாதம் ரகளை செய்தேன். கடைசியில் முப்பத்தொன்றாம் தேதி காட்டுக்கு லீவு என்று முடிவானது. அன்றைக்கு அவள் வீட்டில் உட்கார்ந்து சுக்கு டீ குடிப்போம்.

பாம்பு பார்த்தோமா என்றால், பார்த்தோம், எத்தனையோ. ஒரு நாள் நாவல் மரத்தடியில் நல்ல பாம்பு படம் எடுத்து நின்றது. நான் குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் கை கூப்பிவிட்டேன். அக்கா நாலு எட்டு பின்னால் ஓடி நின்றுகொண்டு, “நீ கும்ட்டுகினே நில்லுமே, நான் போய் ஒங்க ஊட்டுக்காரருக்குத் தகவல் சொல்லிடறேன்” என்றாள். எனக்குப் பயத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. பாம்பு என்ன நினைத்ததோ, படத்தைச் சுருக்கிக்கொண்டு வேருக்குள் போய்விட்டது. இன்னொரு நாள் கண்ணாடி விரியன். சருகுக்குள் தடியாகச் சுருண்டு கிடந்துகொண்டு, குக்கர் விசில் வருகிறதுக்கு முன்னால் இரையுமே, அப்படி இரைந்தது. அன்றைக்கு அவள் முறை. குச்சியைக் குறுக்கே நீட்டி என்னைத் தடுத்தாள். “அசையாத. அது ரூட்டுல அது போவட்டும்.” இரண்டு பேரும் மூச்சுவிடாமல் நின்றோம். எனக்கு மூக்கு அரித்தது, சொறியவில்லை. அது போன பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை, ஆனால் நீட்டிய குச்சி ஆடவில்லை.

வீட்டில் சொன்னால் போகவிட மாட்டார்கள் என்று இதையெல்லாம் சொல்லவே மாட்டோம். இத்தனை வருஷத்தில் எங்களை எதுவும் தொட்டதில்லை. சட்டப்படி நடந்தோம், அதனால் தொடவில்லை என்று இப்போதும் நம்புகிறேன்.

சட்டத்தை மீறியது நான்தான்.

அவளுடைய வீட்டுக்காரர் ரிட்டயராகப் போகிற வருஷம் அது. ரிட்டயரானால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அது தெரிந்ததுதான். ஆனால் பையனுக்கு ஆவடியில்தான் வேலை, இங்கேயே கோவில்பதாகையில் வாடகைக்கு வீடு பார்க்கிறோம் என்று என்னிடம் சொல்லியிருந்தாள். நானும் தெருத் தெருவாக விசாரித்து இரண்டு வீடு பார்த்து வைத்திருந்தேன். அன்றைக்குக் காலையில் குழாயடியில் எதிர்வீட்டுக்காரி சொல்கிறாள், “ஒங்க அக்கா பூந்தமல்லிக்கே போறாங்களாமே, அவங்க அப்பா ஊட்டு மாடியில ஊடு கட்டிக்கினு கீறாங்களாம்.” எனக்குக் குடம் நிரம்பி வழிந்தது தெரியவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்குச் சொல்லவில்லை. இருபது வருஷம் என் வீட்டுக் கதை அத்தனையும் கொட்டியிருக்கிறேனே, எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா?

அன்றைக்கு ஒற்றைப்படைத் தேதி. சந்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கும் குச்சியை நான்தான் எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இன்னாமே, மூஞ்சி ஏன் இப்டி கீது?” என்றாள்.

“என் மூஞ்சி எப்பமும் இப்டித்தான்” என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. குனிந்து குச்சியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் வேண்டுமென்றே பத்துப் பதினைந்து அடி பின்தங்கி, செருப்பைச் சருகில் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டு போனேன். பின்னால் வருகிறவள் பேச வேண்டும், நான் பேசவில்லை. அந்தக் காட்டில் நாங்கள் பேசாமல் நடந்த ஒரே நாள் அதுதான்.

நாவல் மரம் தாண்டி ஒரு தைல மரக் கிளை முறிந்து பாதையில் கிடந்தது. அவள் அதைத் தாண்டிக் காலை வைத்தவள், “ஸ்ஸ்” என்று நின்றாள்.

“இன்னாமோ குத்திச்சுமே. முள்ளு போல.”

நான் வந்து பார்த்தேன். இடது காலில், கணுக்காலுக்குக் கீழே, செருப்பு வாருக்கு மேலே ஒரு சொட்டு ரத்தம். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் முள் என்றதும் என் கை தானாக வளையலுக்குப் போய்விட்டது. “உக்காருங்க” என்றேன், முகத்தைப் பார்க்காமல். முறிந்த கிளையிலேயே உட்கார்ந்தாள். காலை மடியில் வைத்து ஊக்கால் நெம்பினேன். முள் தட்டுப்படவில்லை. இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினேன். “வலிக்குதுமே, எரியுது” என்றாள். “சின்னப் புள்ளையா நீங்க? சும்மா இருங்க” என்று அதட்டினேன். ஆமாம், அதட்டினேன். இதை எழுதும்போதும் என் கையை வெட்டிப் போட வேண்டும்போல் இருக்கிறது.

எவ்வளவு நேரம் தோண்டினேன் என்று தெரியாது. ஐந்து நிமிஷமா, பத்து நிமிஷமா. இல்லாத முள்ளைத் தேடினேன். ரத்தம் துடைக்கத் துடைக்க வந்தது. சேலைத் தலைப்பால் அழுத்திப் பிடித்தேன், அப்போதும் நிற்கவில்லை. ஊக்கு குத்திய இடத்திலிருந்து தண்ணீர் மாதிரி ரத்தம் வழிகிறது. ஆயிரம் முள் எடுத்திருப்பேன், இப்படிப் பார்த்ததில்லை. அப்போதுதான் துடைத்த இடத்தில் கண்ணில் பட்டது, நான் தோண்டிய புள்ளிக்குப் பக்கத்தில், ஒரு அரிசி நீளம் தள்ளி, இன்னொரு புள்ளி.

நிமிர்ந்து பார்த்தேன். கிளைக்கு அந்தப் பக்கம், சருகோடு சருகாக, ஒரு முழ நீளம்கூட இருக்காது, சுருட்டை விரியன். உடம்பை மடித்து மடித்து, ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டு கிடந்தது. சரக் சரக் என்று சத்தம். அது அவ்வளவு நேரமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

“அக்கா” என்றேன். கையால் காட்டினேன். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

“யா அல்லா” என்றாள், மெதுவாக. பிறகு என்னைப் பார்த்து, “அழாத. தூக்கு என்னிய” என்றாள்.

பாம்பு கடித்தவர்களை நடக்க விடக்கூடாது என்று தொழிற்சாலையில் என் வீட்டுக்காரருக்குப் பாடம் எடுத்திருந்தார்கள். அது ஒன்றுதான் அப்போது நினைவுக்கு வந்தது. கயிறு கட்ட வேண்டும் என்று தோன்றவேயில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று என்று டாக்டர் பிறகு சொன்னார். முதுகைக் கொடுத்துத் தூக்கினேன். எப்படித் தூக்கினேன் என்று கேட்காதீர்கள், இன்றைக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்கச் சொன்னால் இடுப்புப் பிடித்துக்கொள்கிறது. சந்து வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினேன். முதுகில் இருந்துகொண்டு, “மெதுவா போமே, நீ வுழுந்தா நான் செத்துடுவேன்” என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்குக் கிண்டல்.

ரோட்டில் வந்த ஷேர் ஆட்டோவை மறித்தேன். உள்ளே இருந்தவர்கள் விஷயம் கேட்டதும் தாங்களாகவே இறங்கிவிட்டார்கள். ஆட்டோவில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பல் ஈறெல்லாம் சிவப்பாக இருந்தது. வெற்றிலை போடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா. என் மகள் வயதுதான் இருக்கும். பாம்பு எது, எப்போது கடித்தது என்று கேட்டார். சொன்னேன். ஊக்கால் தோண்டியதையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. கையிலிருந்து ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மேசையில் நிறுத்தி வைத்தார். “இருபது நிமிஷம் யாரும் இதை அசைக்காதீங்க. ரத்தம் உறைஞ்சுட்டா பயமில்ல. உறையலைன்னா உடனே மருந்து ஏத்தணும். அதுக்குள்ள எல்லாம் ரெடி பண்ணிடறோம்” என்றார்.

தொழிற்சாலைக்குள் செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள். கேட்டுக்குச் சொல்லி, கேட்டிலிருந்து அவர் வேலை பார்க்கிற ஷாப்புக்குச் சொல்லி, அவளுடைய வீட்டுக்காரர் வந்துசேர ஒரு மணி நேரமாகும். பையன் அன்றைக்கென்று வேலை விஷயமாக வெளியூர் போகிற டிரெயினில். அந்த இருபது நிமிஷமும் நான் ஒருத்திதான். குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அரை விரல் உயரம் ரத்தம். உறை, உறைந்து தொலை என்று மனசுக்குள் கெஞ்சினேன். எங்கள் ஊர் அம்மனைக் கூப்பிட்டேன், அவளுடைய அல்லாவையும் கூப்பிட்டேன். பூந்தமல்லிக்குப் போகட்டும், எங்கே வேண்டுமானாலும் போகட்டும், என்னிடம் சொல்லாமலேகூடப் போகட்டும், இருந்தால் போதும் என்று வேண்டினேன். கட்டிலில் அவள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா வந்து குழாயைச் சாய்த்தார். ரத்தம் குழாயோடு சேர்ந்து சாய்ந்து ஓடியது.

மருந்து ஏற்றினார்கள். நடுங்கினாள், வாந்தி எடுத்தாள், மறுபடி ரத்தம் எடுத்தார்கள், மறுபடி ஏற்றினார்கள். மறுநாள் மத்தியானம் குழாயைச் சாய்த்தபோது ரத்தம் கட்டியாக அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. நான் அந்த டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

ஆறு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். பார்க்க வந்தவர்களெல்லாம் கேட்டார்கள், இத்தனை வருஷம் போய் வந்தவள் எப்படி மிதித்தாய் என்று. “இன்னா பண்றது, அன்னிக்கு என் மொறை” என்று எல்லாரிடமும் சொன்னாள். என் வீட்டுக்காரரிடமும் அதையேதான் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். மூன்று மாதத்தில் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். லாரி கிளம்பும்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன், சாமான் எண்ணுகிற சாக்கில் தள்ளி நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு நான் காட்டுக்குள் போகவில்லை. இப்போது போகவும் முடியாது. செங்கல் விழுந்த அந்தச் சந்தை அடைத்து, சுவரை உயர்த்தி, மேலே முள்கம்பி போட்டுவிட்டார்கள். எங்கள் வரிசையில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, நாங்களும் போன வருஷம் கோவில்பதாகையில் ஒரு வீட்டுக்கு வந்துவிட்டோம். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் தைல மர வாசனை மொட்டைமாடிக்கு வரும். வந்தால் அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடாது. அவள் குரல் கேட்கிற மாதிரியே இருக்கும்.

பூந்தமல்லிக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது போய்விடுவேன். போன வாரம் போயிருந்தபோது, மாடியில் உட்கார்ந்து சுக்கு டீ குடித்துக்கொண்டிருந்தோம். எட்டு வருஷமாக நெஞ்சில் கிடந்ததை எப்படியோ சொல்லிவிட்டேன். “அக்கா, அன்னைக்கு ஒத்தப்படை. என் முறை. நான்தான் வீம்புக்குக் குச்சிய எடுக்கல. ஒங்க கால்ல பட்டது என் கால்ல பட்டிருக்கணும்.”

அவள் டீயை உறிஞ்சிக்கொண்டே, “தெரியுமே” என்றாள்.

“தெரிஞ்சா எதுக்கு எல்லார்ட்டயும் ஒங்க முறைன்னு சொன்னீய?”

“வேற இன்னா சொல்றது? ஒன்னிய மாட்டி வுட சொல்றியா?” என்றாள். டம்ளரைக் கீழே வைத்தாள். “நீ கோவத்துல குச்சிய எடுக்கலன்னு நென்ச்சிகினு கீறியா இத்தினி நாளா? லூசு. அன்னிக்கு நீ கண்ணு நெறிய தண்ணி வச்சுகினு நின்ன. சொவத்தப் பாத்துகினு நின்னா எனக்குத் தெரியாதா? கண்ணுல தண்ணிய வச்சுகினு முன்னாடி போனா தரைல கீறது எப்டி தெரியும் ஒனக்கு? அதான் நான் எட்த்துகினேன். நீ எடுக்க வந்திருந்தாலும் குட்த்திருக்க மாட்டேன்.”

நான் அன்றைக்கு அழுதேன் என்பதே எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“அந்தப் பாம்பு சத்தம் எனக்குக் கேட்டுச்சுமே” என்றாள் பிறகு. “நீ செருப்பத் தேச்சுகினு வரன்னு நென்ச்சேன். சரி, கூடத்தான் வந்துகினு கீறா, கோவம் கொறைஞ்சதும் பேசுவா, பூந்தமல்லி விசியத்த அப்ப சொல்லிக்கலாம்னு நடந்தேன். ஒங்கிட்ட சொல்லத்தான் எனக்கு வாய் வரல. மத்தவங்களுக்குச் சொல்றதுக்கு இன்னா, வலிக்கவா போவுது?”

டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன், ரொம்ப நேரம் கழுவினேன்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட அவளும் கூட வந்தாள். மெட்ரோ வேலைக்காக ரோட்டை ஒடுக்கி, இரண்டு பக்கமும் தகரம் அடித்திருக்கிறார்கள். அவள் தெரு முனையில் நடக்கிற பாதை ஒரு ஆள் போகிற அகலம்தான், கீழே கம்பியும் ஜல்லியுமாகக் கிடக்கிறது. அவளுக்கு இடது காலில் சுண்டுவிரல் பக்கம் இன்னும் உணர்ச்சி கிடையாது. எதில் வைக்கிறாள் என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும். தகரத்துக்கு முன்னால் வந்ததும் நின்றாள்.

“இன்னிக்குத் தேதி இன்னாமே?”

யோசித்துப் பார்த்தேன். “ஒத்தப்படைதான்” என்றேன்.

“கண்ணத் தொட்ச்சிக்கினு முன்னாடி போ” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துவிட்டு, காலை ஓங்கி ஓங்கி வைத்து நடந்தேன்.